ஒன்றே முக்கால் விநாடி

பள்ளிக்கூடத்தில் நான் பல பாடங்களில் தோற்றிருக்கிறேன். அல்ஜீப்ராவில் தோற்றேன். ஸ்பானிஷில் தோற்றேன். ஒருமுறை உடற்பயிற்சி வகுப்பில்கூடத் தோற்றேன். ஆனால் முப்பத்தொன்பது வயதில், ஒரு விமான கம்பெனியில், ஒரே ஓர் எழுத்தில் தோற்றவன் நெப்ராஸ்கா மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த எழுத்து 'ஆ'.

விமானத்தில் போனவர்கள் கேட்டிருப்பீர்கள். மேலே ஏறி நிலைகொண்டதும் ஒலிபெருக்கி கரகரக்கும். "வணக்கம், உங்கள் கேப்டன் பேசுகிறேன். நாம் இப்போது, ஆஆஆ, முப்பத்திரண்டாயிரம் அடி உயரத்தில்..." அந்த ஆதான். விமானிகள் எல்லோரும் அந்த இடத்தில் ஏன் இழுக்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. உயரம் மறந்துபோய், எதிரே இருக்கும் கருவியின் முள்ளைப் பார்த்துச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அதற்கென்று ஒரு துறை இருப்பது எனக்குத் தெரியாது. அந்தத் துறைக்கு ஒரு துணைத் தலைவர் இருப்பதும் தெரியாது.

என் பெயர் ஆர்லன் ப்ரொஹாஸ்கா. ஊர் வில்லோ ஃபோர்க். பதினெட்டு வருடம் மாட்டு ஏலக்காரன். செவ்வாயும் வியாழனும் மேடையில் நின்று, ஒரு மணி நேரத்துக்கு நூற்றிருபது மாடு விற்பேன். இந்தத் தொழிலில் மௌனம்தான் எதிரி. நீங்கள் மூச்சு விடும் இடைவெளியில் வாங்க வந்தவன் யோசிக்க ஆரம்பித்துவிடுவான். யோசித்தவன் மாடு வாங்கமாட்டான். அதனால் பதினெட்டு வருடத்தில் ஒரு விநாடிகூட என் வாய் சும்மா இருந்ததில்லை.

அப்படிப்பட்டவனுக்கு விமானி ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் படித்து உரிமம் வாங்கினேன். எண்ணெய்க் குழாய்களுக்கு மேலே தாழப் பறந்து ஒழுகல் பார்த்தேன். கால்பந்து மைதானங்களுக்கு மேலே விளம்பரத் துணி இழுத்தேன். 'என்னை மணப்பாயா, ஜோலீன்?' என்ற துணியை ஒருமுறை தப்பான மைதானத்துக்கு மேல் இழுத்துப்போய், வேறு இரண்டு ஜோலீன்களின் குடும்பத்தில் குழப்பம் விளைவித்தேன். இப்படியாக ஆயிரத்தைந்நூறு மணி நேரம் சேர்ந்தது. கிரேட் மெடோ ஏர் என்ற கம்பெனி, துணை விமானிப் பயிற்சிக்கு ஒமாஹாவுக்கு வரச் சொல்லிக் கடிதம் போட்டது.

ஏலக் கொட்டகையில் என் பங்கை மச்சான் டுவேனிடம் கொடுத்துவிட்டேன். ஊரே சேர்ந்து எனக்கு வழியனுப்பு விழா நடத்தியது. ஒரு மேசை நீளத்துக்கு விமானம் வரைந்த கேக் வெட்டினார்கள். தோற்றுத் திரும்பினால், அந்தக் கேக்கைத் தின்ற இருநூற்றுப்பத்து பேர் முகத்தில் மறுபடி போய் விழிக்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. பயிற்சியில் தோற்றால் அது பதிவேட்டில் ஏறும். பதிவேட்டில் ஒரு 'தேறவில்லை' இருந்தால் வேறு எந்த விமான கம்பெனியும் வாசலில்கூட நிற்க விடாது.

ஆகவே, ஜெயித்தாக வேண்டும்.

*

முதல் நாள் கால அட்டவணை கொடுத்தார்கள். விமானத்தைப் போலவே இருக்கும் பயிற்சிக் கூண்டில், அதாவது சிமுலேட்டரில், ஆறு வகுப்பு. குரல் மற்றும் நம்பிக்கைத் துறையில் இருபத்திரண்டு வகுப்பு.

அச்சுப் பிழை என்று நினைத்து, சிமுலேட்டர் பயிற்சியாளர் கேப்டன் ரோஸ்கோ டில்லிடம் காட்டினேன். அறுபது வயது. ஒரு சுவிட்சை விழாமல் இருக்க டீஸ்பூனால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கேப்டன், இந்த ஆறும் இருபத்திரண்டும் இடம் மாறி விழுந்திருக்கு போல."

"மாறல தம்பி. இந்த சிமுலேட்டர்ல வலது டயர் நாலு வருஷமா பஞ்சர். கம்ப்யூட்டர்ல இருக்கற டயருக்கே பஞ்சர் ஒட்ட பட்ஜெட் இல்லைங்கறாங்க. போன மாசம் மேல்மாடி லேபுக்கு எதிரொலி வராத நுரைச் சுவர் போட்டாங்க. போய்ப் பாரு, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும்."

போய்ப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

துணைத் தலைவர் லோரெய்ன் ஓப்டால் எங்கள் பதினான்கு பேரையும் சாய்வு நாற்காலிகளில் உட்கார வைத்தார். வெள்ளைக் கோட்டு. கழுத்தில் ஸ்டாப்வாட்ச். அம்மையார் பேச ஆரம்பித்தபோது குரல் அவ்வளவு இதமாக இருந்தது. எனக்குப் பக்கத்தில் ஒருவன் தூங்கியேவிட்டான்.

"இன்ஜினை எல்லா கம்பெனியும் ஒரே இடத்துலதான் வாங்கறாங்க. சீட்டும் அதே சீட்டு. பிஸ்கட்டும் அதே பிஸ்கட்டு. அப்போ நமக்குன்னு தனியா என்ன இருக்கு? தயக்கம்! இந்த நாட்டுலயே தரமான தயக்கம் நம்மகிட்டதான் இருக்கு. நம்ம முதல் கேப்டன், அந்தக் காலத்துல, ஊர் பேர் தெரியாம ஜன்னல் வழியா ரோட்டைத் தேடிக்கிட்டே 'நாம இப்போ, ஆஆஆ'ன்னு இழுத்தார். பயணிகள் சொக்கிப்போயிட்டாங்க. இவ்வளவு நிதானமா ஒரு மனுஷன் இழுக்கறார்னா விமானம் பத்திரமாத்தான் இருக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க. அன்னைக்கு விமானம் வேற மாநிலத்துல இருந்துச்சு. அது முக்கியமில்லை."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நானும் எழுதினேன்: முக்கியமில்லை.

"ஒரு விநாடிக்குக் கீழே போனா பதற்றம். ரெண்டைத் தாண்டினா பக்கவாதமோன்னு பயப்படுவாங்க. சரியான அளவு ஒண்ணே முக்கால். நம்ம கையேட்டுல மொத்தம் ஒன்பது வகை ஆ இருக்கு. வானிலை ஆ. தாமத ஆ. மன்னிப்பு ஆ. தாமதத்துக்கு எப்பவும் 'ஆ, இருபது நிமிஷம்'னுதான் சொல்லணும்."

நான் கையைத் தூக்கினேன். "மேடம், நிஜமா ரெண்டு மணி நேரம் ஆகும்னா?"

ஓப்டால் அம்மையார் என்னைக் கனிவாகப் பார்த்தார். "இருபது நிமிஷம்ங்கறது நேரம் இல்லை, ப்ரொஹாஸ்கா. அது ஒரு ஆறுதல்."

*

மூன்றாம் நாள் முதல் ஒத்திகை. விமானத்தின் உட்புறம் போலவே ஒரு கூடம். பெட்டி தூக்கும் ஊழியர்கள் ஐம்பது பேரைக் கூட்டிவந்து பயணிகளாக உட்கார வைத்திருந்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து நான் அறிவிக்க வேண்டும். விமானம் முப்பதாயிரம் அடியிலிருந்து முப்பத்திரண்டாயிரத்துக்கு ஏறப்போகிறது. அவ்வளவுதான் செய்தி.

மைக்கைக் கையில் பிடித்தேன். பதினெட்டு வருடப் பழக்கம்.

"முப்பதாயிரம்முப்பதாயிரம்முப்பதாயிரம், முப்பத்தொண்ணு உண்டா, முப்பத்தொண்ணு வந்தாச்சு, முப்பத்திரண்டு யாரு, முப்பத்திரண்டு முப்பத்திரண்டு..."

பதினோராவது வரிசையில் இருந்த பெரியவர் கையைத் தூக்கினார். உடனே பின்னாலிருந்து ஒரு பெண் முப்பத்து மூன்று கேட்டாள். இரண்டு நிமிடத்தில் விமானம் நாற்பத்தேழாயிரம் அடிக்குப் போய்விட்டது. அந்த உயரத்தில் இறக்கைக்குக் காற்றே பிடிபடாது. என்னைத் தடுக்க மைக்கின் ஒயரைப் பிடுங்க வேண்டியிருந்தது.

சிவப்பு அட்டை கொடுத்தார்கள். குறை என்ற கட்டத்தில் 'தயக்கமின்மை (தீவிரம்)' என்று எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு சிகிச்சை. கண்ணாடி அறையில் தனியாக உட்கார வைத்து, வெதுவெதுப்பான பால் கொடுத்து, 'ஒமாஹா, ஆ, விச்சிட்டா' என்று நாளுக்கு நூறு முறை சொல்ல வைத்தார்கள். எதிரே, 'ஆ'வின் நீளத்தை அளக்கும் ஒரு முள். பச்சைக் கோட்டில் நிற்க வேண்டும். என் 'ஆ' கால் விநாடிக்கு மேல் நீளவே இல்லை. யாரோ காலை மிதித்ததுபோலத்தான் வந்தது.

என்னோடு பயிற்சிக்கு வந்தவர்களில் ட்ரிப் வான்ஸ்லைக் என்று ஒருவன். ஆறடி இரண்டங்குலம், பெரிய தாடை, இருபத்தாறு வயது. அவன் வாயைத் திறந்தால் ஒமாஹா முழுக்கப் போர்வை போர்த்தியதுபோல இருக்கும். முதல் நாளே தங்க நட்சத்திரம் வாங்கிவிட்டான். கேன்டீனில் அவனைப் பிடித்தேன்.

"எப்படிப்பா வருது உனக்கு?"

"ரொம்ப சிம்பிள் ஆர்லன். ஒரு வார்த்தையை மறந்துட்ட மாதிரி நினைச்சுக்க."

"எந்த வார்த்தையை?"

ட்ரிப் யோசித்தான். சரியாக ஒன்றே முக்கால் விநாடி. "ஆஆஆ... தெரியலப்பா. எனக்கு நிஜமாவே மறந்துடும்."

*

வார இறுதிக்கு வீட்டுப்பாடம் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். குடும்பத்தினருடன் பேசும்போது ஒரு மணி நேரத்துக்கு எட்டு 'ஆ' சேர்க்க வேண்டும். குடும்பத்தினர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

மார்லிஸ் மாவுருண்டையும் புளித்த முட்டைக்கோஸும் செய்து வைத்திருந்தாள். நான் ஒரு வாய் வைத்ததும் கேட்டாள்: "எப்படி இருக்கு?"

"ஆஆஆ..."

தட்டு போய்விட்டது.

"மார்லிஸ், இது வீட்டுப்பாடம்!"

"எனக்குத் தெரியாதா அது என்ன பாடம்னு? பதினாறு வருஷமா என் சாப்பாட்டைத் தின்னுட்டு இப்பத்தான் யோசனை வருதா உனக்கு?"

"பாஸ் ஆகணும்டி. இல்லன்னா டுவேன் கொட்டகையில சாணி அள்ளணும்."

அவள் தட்டைத் திரும்ப வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் சிரிப்பை அடக்குவது எனக்குத் தெரிந்தது.

"நீயாவது, தயங்கறதாவது. என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டப்போ என்ன பண்ணின? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு சொல்லி மோதிரத்தை மாட்டிட்ட. எங்கப்பா கார்லேர்ந்து இறங்கவே இல்ல, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"விலை படிஞ்சப்போ முடிச்சிடணும்ல."

"போடா." காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். எண்ணிக்கை என்ற இடத்தில் 'ஒன்று. அதுவே அதிகம்' என்று எழுதினாள்.

*

இறுதித் தேர்வு.

சிமுலேட்டரில் இரண்டு தேர்வாளர்கள். பறப்பதைப் பார்க்க கேப்டன் டில். குரலைப் பார்க்க ஓப்டால் அம்மையார். மதிப்பெண்ணில் கேப்டனுக்கு முப்பது, அம்மையாருக்கு எழுபது. கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். கான்சஸ் மேலே போகும்போது இடது இன்ஜின் தீப்பிடிக்கிறது.

முதலில் ட்ரிப். நான் பின் இருக்கையில் என் முறைக்குக் காத்திருந்தேன்.

மணி அலறியது. சிவப்பு விளக்கு மினுக்கியது. ட்ரிப் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு மைக்கை எடுத்தான்.

"வணக்கம் மக்களே. உங்க கேப்டனோட அறையிலேர்ந்து, ஆஆஆ, ட்ரிப் பேசறேன். இடது பக்கம் உக்காந்திருக்கறவங்களுக்கு இப்போ, ஆஆஆ, கொஞ்சம் வெளிச்சம் கூடுதலாத் தெரியும்..."

ஒன்றரை நிமிடம் பேசினான். ஏழு ஆ. ஏழும் பச்சைக் கோட்டில். பேசி முடித்தபோது தரை எதிரே வந்துவிட்டது. தீயை அணைக்கவில்லை. சக்கரத்தை இறக்கவில்லை. விமானம் வயிற்றால் தரையைத் தேய்த்துக்கொண்டே போய், ஒரு தானியக் கிடங்குக்குள் நுழைந்தது. திரை முழுக்கச் சிவப்பானது. சக்கரமே இறங்காததால், நாலு வருடமாகப் பஞ்சராகக் கிடந்த வலது டயருக்குக்கூட இந்தத் தடவை வேலை இல்லை.



ஓப்டால் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு நிம்மதியாச் செத்திருப்போம்!"

"சக்கரம்?" என்றார் கேப்டன் டில்.

"அது தொழில்நுட்பக் குறை கேப்டன். சொல்லிக் கொடுத்தா வந்துடும். இந்த 'ஆ' பிறவியிலேயே வரணும்."

எழுபதுக்கு எழுபது. ட்ரிப் தேறிவிட்டான்.

அடுத்து நான். மணி அலறியது. கை தானாக ஓடியது. எரிபொருளை நிறுத்தினேன், தீயை அணைத்தேன், மைக்கை அமுக்கினேன். "இடது இன்ஜின் நெருப்பு அணைஞ்சாச்சு வலது நல்லா ஓடுது ஆறு நிமிஷத்துல விச்சிட்டாவுல இறங்கறோம் பெல்ட்டைப் போடுங்க." நான்கே விநாடி. ஆறாவது நிமிடம், பஞ்சர் டயரையும் சமாளித்து, ஓடுபாதையின் நடுக்கோட்டில் நிறுத்தினேன்.

கேப்டன் டில் என் தோளில் கை வைத்தார். "தம்பி, நாலு வருஷத்துல இந்தப் பெட்டியை ஒழுங்கா இறக்கினவன் நீதான்."

ஓப்டால் அம்மையாரின் முகம் வெளுத்திருந்தது.

"நெருப்புன்னு சொல்லிட்டீங்களே!"

"நெருப்புதானே மேடம்?"

"இருந்தா என்ன? எந்த இன்ஜின், என்ன ஆச்சு, எங்க இறங்கறோம், எத்தனை நிமிஷம், எல்லாத்தையும் அவங்ககிட்ட சொல்லிட்டீங்க! அவங்க பயணிகள் ப்ரொஹாஸ்கா. அவங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?"

எழுபதுக்குப் பூஜ்யம். குறை என்ற கட்டத்தில் இந்த முறை இரண்டே சொல்: 'தகவல் கசிவு'.

*

மறுபரிசீலனைக் குழு என்று ஒன்று உண்டு. அங்கேயும் தோற்றால் பதிவேட்டில் ஏறிவிடும். மறுநாள் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள்.

வாசல் பெஞ்சில் கேப்டன் டில் காத்திருந்தார். எனக்கு ஒரு பழக் கொலாச்சி ரொட்டி வாங்கி வைத்திருந்தார்.

"உள்ள போய்ப் பொய்யா ஒரு ஆ விட்டுட்டு வந்துடுப்பா. எவ்வளவோ பேர் விட்டிருக்காங்க."

"வரமாட்டேங்குது கேப்டன். ராத்திரி பூரா கண்ணாடி முன்னால நின்னேன். ஆடு கத்தற மாதிரி இருக்கு."

"எனக்கும் வராது."

"அப்புறம் நீங்க எப்படி பாஸ் பண்ணினீங்க?"

"என் காலத்துல பறந்து காட்டச் சொன்னாங்க."

உள்ளே கூப்பிட்டார்கள். தலைவர் விட்மோர் கிளேபூல், முன்பு மெத்தைக் கடைகள் நடத்தியவர். பயணிகளைத் தூங்க வைப்பது பற்றி அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது என்பார்கள். பக்கத்தில் ஓப்டால் அம்மையார். மேசைமேல் அந்த முள் வைத்த பெட்டி.

"மிஸ்டர் ப்ரொஹாஸ்கா," என்றார் கிளேபூல். "நீங்க விமானம் நல்லாவே ஓட்டறீங்கன்னு ஒரு புகார் வந்திருக்கு. அதை நாங்க பெருந்தன்மையாத்தான் எடுத்துக்கறோம். ஆனா கம்பெனி பெருசாகணும்னா எல்லாரும் ஒரே மாதிரி தயங்கணும். ஒருத்தர் மட்டும் தெளிவாப் பேசினா மத்தவங்க பேச்சு மேல சந்தேகம் வருமில்லையா?"

"வரும் சார்."

"பார்த்தீங்களா லோரெய்ன்? உடனே பதில் சொல்றார்."

"அதான் சார் நோயே."

கேள்விகள் ஆரம்பித்தன. பெயர்? சொன்னேன். முள் அசையவில்லை. பிறந்த ஊர்? சொன்னேன். மாடு ஒன்றின் எடை? கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். எவ்வளவு முயன்றாலும் வார்த்தைகள் வரிசையில் நின்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. வில்லோ ஃபோர்க்கின் இருநூற்றுப்பத்து பேரும் வாயில் கேக்கோடு என்னைப் பார்ப்பது தெரிந்தது. டுவேன் ஒரு மண்வெட்டியை நீட்டினான்.

கிளேபூல் பெருமூச்சு விட்டு என் ஃபைலை மூடினார். பேனாவைத் திறந்தார்.

"கடைசியா ஒண்ணு. சம்பிரதாயத்துக்கு எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். உங்க மனைவி மார்லிஸை நம்ம கம்பெனி விமானத்துல ஏத்தி அனுப்புவீங்களா?"

'நிச்சயமா' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

ஜன்னலோர இருக்கையில் மார்லிஸ் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் கைப்பை. முன்னால் விமானி அறைக் கதவு மூடுகிறது. உள்ளே ட்ரிப் நன்றாகச் சாய்ந்துகொண்டு மைக்கை எடுக்கிறான். சக்கரம் இறங்கவில்லை. இடது பக்கம் வெளிச்சம் கூடுகிறது. அவள் அந்தக் குரலைக் கேட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

"ஆஆஆ..."

முள் எழுந்தது. மெதுவாக, நடுங்காமல் போய், பச்சைக் கோட்டின் மேல் நின்றது.



"ஒண்ணே முக்கால்," என்று கிசுகிசுத்தார் ஓப்டால் அம்மையார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கச்சிதமா ஒண்ணே முக்கால்! அடிவயித்துலேர்ந்து! இருபத்தோரு வருஷத்துல இப்படி ஒரு ஆவை நான் கேட்டதில்லை சார். இது பத்தாவது வகை!"

கிளேபூல் மேசையைச் சுற்றி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "இதுதான் ப்ரொஹாஸ்கா! இந்தக் குரல்தான் நம்ம கம்பெனி!" என் கோட்டில் விமானிகளின் வெள்ளி இறக்கைச் சின்னத்தைக் குத்தினார். குத்தியதில் ஊசி சதையில் இறங்கியது. நான் கத்தினேன். அதற்கு மதிப்பெண் போடவில்லை.

அந்த 'ஆ'வுக்குப் பிறகு நான் என்ன சொல்ல வந்தேன் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வேலை வேண்டியிருந்தது.

இப்போது ஒமாஹா-விச்சிட்டா தடத்தில் பறக்கிறேன். என் குரலைக் கேட்டாலே தூக்கம் வருகிறது என்று பயணிகள் எழுதிப் போடுகிறார்கள். பயிற்சி எல்லாம் தேவைப்படவில்லை. மைக்கை எடுக்கும்போது கிளேபூலின் அந்தக் கேள்வியை ஒருமுறை நினைத்துக்கொண்டால் போதும், அளவு பிசகாமல் வந்துவிடுகிறது.

விமானியின் மனைவிக்கு எங்கள் கம்பெனியில் டிக்கெட் இலவசம். வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. மார்லிஸிடம் அதை நான் இன்னும் சொல்லவில்லை.